சாவியை எடுத்த பிறகும் ஓடிய விசிறி: மஞ்சக்குப்பத்துக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியை நிறுத்திப் பூட்டி, சாவியைச் சுவர் ஆணியில் மாட்டி, கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காரும் நேரத்தில் வாசலில் ஏதோ உறுமத் தொடங்கும். ஆளில்லாத காரின் ரேடியேட்டர் விசிறி அது. இரண்டு நிமிடம் ஓடி நிற்கும். சில நாள் ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் ஓடும். 2025 ஏப்ரலில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சித்தப்பா வீட்டில் இது தினசரி நிகழ்ச்சியாகிவிட்டது. வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பது சித்தியின் முடிவு. நான் சிப்காட்டில் ஓர் ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஆனாலும் சித்தப்பா என்னிடம் சொல்லவில்லை. "நீ ஆலை மோட்டார் பார்க்கிறவன், இது கார்" என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் இரண்டு மாதமும் கொஞ்சம் பணமும் போயின.

வண்டி 2010-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். பதினைந்து ஆண்டுப் பதிவு அந்த ஆண்டே முடிகிறது. புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு. விசிறி விவகாரம் அந்தப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றியது.

நடந்தது

ஏப்ரல் தொடக்கத்தில் விசிறி ஓடியது ஒன்றிரண்டு நிமிடம்தான். சித்தப்பாவின் மகள் புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக அங்கே போய்வருவார்கள். திரும்பும்போது புதுச்சேரி எல்லைக்குள்ளேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்வது கடலூர்க்காரர்களின் பிறவிக் குணம் என்பதால் அந்தப் பயணம் ஒருபோதும் தவறாது. மே மாதம் அக்கினி நட்சத்திரம் தொடங்கியபோது, வந்து நிறுத்திய பிறகு விசிறி ஆறேழு நிமிடம் ஓட ஆரம்பித்தது.

முதல் மெக்கானிக், ரேடியேட்டரின் பக்கவாட்டில் இருந்து, நீரின் சூட்டைப் பொறுத்து விசிறியை ஓடவிடும் தெர்மோ சுவிட்ச் கெட்டுவிட்டது என்று மாற்றினார். பயனில்லை. புதுச்சேரியில் இன்னொருவர், "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிப் போட்டுவிடலாம்" என்றார். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் வால்வு அது. சித்தப்பா மறுத்தார். அறிவியல் காரணம் எதுவும் இல்லை, அந்த மெக்கானிக் கேட்ட கூலி அதிகம். அந்தக் கஞ்சத்தனம் வண்டிக்கு நல்லதாகப் போயிற்று. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடாகவே நேரம் எடுக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

மே மாத நடுவில் ஓர் இரவு விசிறி நிற்கவே இல்லை. ஒன்பதரைக்கு வண்டியை நிறுத்தினார்கள். பதினோரு மணிக்கும் சத்தம் கேட்டதாகவும், அப்போது முன்பைவிட மெலிந்திருந்ததாகவும் சித்தி பிறகு சொன்னார். மெலிந்தது பேட்டரி. காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. 35 ஆம்பியர்-மணி பேட்டரி அது. அந்த விசிறி எவ்வளவு மின்னோட்டம் இழுத்தது என்பதைப் பிறகு அளந்தேன், 17 ஆம்பியர். புதிய பேட்டரியாக இருந்தாலும் இரண்டு மணி நேரம்தான் தாங்கியிருக்கும்.

பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார். விசிறிக்கு மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் வேலை செய்யும் ரிலே என்ற மின் சுவிட்சுக்கு நேராகப் பேட்டரியிலிருந்து வந்த கம்பியை வெட்டி, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியோடு இணைத்துவிட்டார். சாவியை எடுத்தால் விசிறி நின்றது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேய் ஓட்டியவருக்கு முந்நூறு ரூபாய்.

அடுத்த ஞாயிறு நண்பகல், புதுச்சேரியிலிருந்து வந்து நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் பானட்டுக்குள் 'உஸ்' என்ற சத்தம். நீர் வழியும் பிளாஸ்டிக் பாட்டில் நிரம்பி, வாசல் கோலத்தின் மேல் செம்பழுப்பு நீர் ஓடியது. அன்றுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

நின்ற எஞ்சின் ஏன் சூடேறுகிறது

சோதனைக்கு முன், சித்தியின் பேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இது புரிந்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

எஞ்சின் ஓடும்போது அதோடு சேர்ந்து தண்ணீர் பம்பும் ஓடுகிறது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் தலைப்பகுதியின் சூட்டைக் கூலண்ட் என்ற குளிர்விக்கும் நீர் அள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டுகிறது. சாவியைத் திருப்பிய அந்த நொடியில் எரிதல் நிற்கிறது, பம்பும் நிற்கிறது. ஆனால் தலைப்பகுதியின் உலோகம் கூலண்டைவிட மிகவும் சூடாக இருக்கிறது. அந்தச் சூடு ஓடாமல் தேங்கி நிற்கும் நீருக்குள் இறங்குகிறது. இட்லிச் சட்டியின் அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். அதனால் எஞ்சினை நிறுத்திய பின் சில நிமிடங்களுக்குக் கூலண்டின் வெப்பம் இறங்குவதற்குப் பதிலாக ஏறுகிறது.

அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் பல கார்களில் விசிறியைப் பேட்டரியோடு நேராக இணைத்திருக்கிறார்கள். சித்தப்பாவின் வண்டியில் தெர்மோ சுவிட்சின் மேல் 92–87 என்று பொறித்திருந்தது. ரேடியேட்டர் நீர் 92 டிகிரி தொட்டால் விசிறி ஓடும், 87-க்கு இறங்கினால் நிற்கும். சாவி எங்கே இருக்கிறது என்று அந்தச் சுவிட்ச் கேட்பதில்லை.

நின்ற விசிறி மறுபடி ஓடுவது ஏன்? பம்பு நின்றாலும் சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும். அந்த மெதுவான ஓட்டத்தில் தலைப்பகுதியின் கொதிநீர் மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்குள் ஊர்ந்து வருகிறது. சுவிட்ச் இருக்கும் இடம் மறுபடி 92 ஆகிறது. நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தினால் இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்திருப்பதால் நிறுத்தியவுடன் விசிறி ஓடாது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து, நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது உறுமும்.

எல்லா வண்டியும் இப்படியில்லை. அம்பாசடர் காலத்தில் விசிறி பெல்ட்டில் ஓடியது, எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். தூரப் பயணம் முடிந்து வந்தால் ஓட்டுநர்கள் சற்று நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பிறகு அணைப்பார்கள். சில கார்களில் மின் விசிறி இருந்தும் சாவியோடு நிற்கும்படி ஆலையிலேயே அமைத்திருப்பார்கள். அவற்றின் ரேடியேட்டரும் மூடியும் கூலண்டும் அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்கும். புதிய கார்களில் சுவிட்சுக்குப் பதிலாக ஒரு வெப்ப உணரி இருக்கிறது, முடிவெடுப்பது கணினி. உணரியின் கம்பி அறுந்துபோனால் பல வண்டிகளில் கணினி, 'எதற்கும் ஓடட்டும்' என்று விசிறியை முழு வேகத்தில் ஓடவிடும். குளிர்ந்த எஞ்சினில் விசிறி அலறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் விற்கும், பிஎஸ்-6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் கார்களின் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துக் கழிக்கும். அந்த வேலையின் நடுவில் வண்டியை அணைத்தால் விசிறி ஆங்காரமாக ஓடும். மாலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் பக்கத்துத் தெருக்களில் வரிசையாக நிறுத்துவார்கள். அங்கே நடந்துபோனால் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம். ஊருக்குள்ளேயே மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டர் ஓடும் டீசல் வண்டிகளுக்கு இது அடிக்கடி நேரும். அது பழுதல்ல. மாமல்லபுரம் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சோதனை

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் போனேன். அந்த நேரத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். இரவு முழுக்க நின்ற எஞ்சின் தொட்டால் சில்லென்றிருக்கும், அப்போது விசிறிக்கு எந்த வேலையும் கிடையாது. சித்தப்பாவைச் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன், எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்றேன். ஏசியும் அணைந்திருந்தது. திருப்பினார். விசிறி உடனே சுழன்றது.

அதாவது, 'சரிசெய்த' நாளிலிருந்து அந்த விசிறி சாவி போட்ட நேரமெல்லாம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. நோய் அப்படியே இருந்தது, சாவியை எடுக்கும்போது மட்டும் அதன் வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

தெர்மோ சுவிட்சின் இணைப்பைக் கழற்றினேன். விசிறி நிற்கவில்லை. எனவே சுவிட்ச் குற்றவாளி இல்லை, பழையதும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். ரிலேயைப் பிடுங்கினேன். நின்றது. இப்படிப்பட்ட ரிலேயின் கால்களில் நான்கு எண்கள் இருக்கும். 85-க்கும் 86-க்கும் இடையே சுருள், 30-க்கும் 87-க்கும் இடையே விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் தொடுமுனைகள். சுருளுக்கு மின்சாரம் இல்லாதபோது 30-ம் 87-ம் பிரிந்திருக்க வேண்டும். என் உள்ளங்கையில் கிடந்த ரிலேயில் மல்டிமீட்டரை வைத்தேன். 'கீ' என்று கத்தியது. இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன.

ஆலையில் பெரிய மோட்டார்களின் கான்டாக்டர்களில், அதாவது பெரிய அளவு ரிலேக்களில், இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே முதல் பாடம் ஒன்று உண்டு. ஒட்டிய கான்டாக்டரை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகாதே, அது ஏன் ஒட்டியது என்று பார். அதனால் இருநூறு ரூபாய்க்குள் முடியக்கூடிய வேலையை நான் அங்கே முடிக்கவில்லை. சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாட்டிவிட்டுக் காப்பி குடிக்க வாடா" என்றார்.

புதிய ரிலேயை மாட்டி, விசிறியை ஓடவிட்டு, நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் கோத்தேன். 17 ஆம்பியர். இந்த அளவு விசிறிக்கு அது அதிகம். ஆனால் 30 ஆம்பியர் ஃபியூஸ் உருகும் அளவுக்கு அதிகமில்லை. அதுதான் இதன் சூழ்ச்சி. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு விசிறியைக் கையால் சுற்றினேன். பிடுங்காமல் அங்கே கைவைக்கக் கூடாது. சாவி சட்டைப்பையில் இருந்தாலும் சுவிட்ச் நினைத்தால் விசிறி சுழலும், விரல் போய்விடும். நல்ல விசிறி தட்டிவிட்டால் சில சுற்றாவது சுற்றும். இது கரகரவென்று கால் சுற்று போய் நின்றது.

மோட்டாரைக் கழற்றிப் பிரித்தபோது தண்டைத் தாங்கும் புஷ் துருவேறியிருந்தது. பிரஷ் தூளோடு கலந்து சாம்பல் நிறத்தில் காய்ந்த வண்டல் இருந்தது. வண்டல் எப்படி அங்கே வந்தது? சித்தப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெயின்போ நகர்" என்றார்.

டிசம்பர் முதல் நாள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கமெல்லாம் வெள்ளம், ராணுவம் வந்து மக்களை மீட்டது. அந்த இரவு சித்தப்பாவின் கார் மகள் வீட்டு வாசலில் நின்றது. தண்ணீர் முன்பக்க பம்பர் வரை வந்து ஒரு நாளுக்கு மேல் அப்படியே இருந்தது. வடிந்த பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் இழுத்துக்கொண்டு போய், இருக்கைகளைக் காயவைத்து, எண்ணெய் மாற்றி, ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. 'வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்கள்.

ஆகியிருந்தது. முன்பக்கத்தைக் கழற்றியபோது தெரிந்தது. காரின் முகப்பில் முதலில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர், அதன் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் விசிறி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இரண்டு விரல் அளவு இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்த இடைவெளியில், ரேடியேட்டரின் கீழ் மூன்றில் ஒரு பங்கு முழுக்க வண்டல் அடை தட்டியதுபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. மேல் விளிம்பு ஒரே நேர்க்கோடு, வெள்ளம் நின்ற உயரம் அது.

இனி வரிசை புரிந்துவிடும். மண் அடைத்ததால் ரேடியேட்டரின் ஒரு பகுதி காற்று வாங்கவில்லை. குளிர் மாதங்களில் மீதி இடமே போதுமாக இருந்தது, வெயில் ஏறியதும் போதவில்லை. நிறுத்திய பின் 87-க்கு இறங்க அதிக நேரம் பிடித்தது, விசிறி நீண்ட நேரம் ஓடியது. அந்த விசிறியும் துருப்பிடித்த புஷ்ஷோடு மெதுவாகச் சுற்றிக் குறைந்த காற்றையே இழுத்தது. மெதுவாகச் சுற்றும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை உறிஞ்சும், ஓடத் தொடங்கும் நொடியில் அது இன்னும் பல மடங்கு. ரிலேயின் முனைகள் ஒவ்வொரு முறை சேரும்போதும் பிரியும்போதும் பொறி பறந்து கரைந்தன. மே மாதத்தில் ஒரு நாள் ஒட்டிக்கொண்டன.

வாசலில் நீர் கொட்டியதற்கு விசிறியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சித்தப்பா மாதக்கணக்கில் கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவந்திருக்கிறார். கடலோரத்து உப்பு நீர் உள்ளே துருவையும் படிவையும் உண்டாக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வேறு உப்பிக் கிடந்தது. மூடியில் 0.9 பார் என்று எழுதியிருந்தது. அந்த அழுத்தத்தை அது பிடித்திருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் கசிந்துவிட்டால் 100-லேயே கொதிக்கும். அந்த நிலையில் நிறுத்திய பின் ஓடும் விசிறிதான் கடைசித் தடுப்பாக இருந்தது. அதையும் சாவியோடு கட்டிவிட்டார்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. 17 ஆம்பியரைச் சுமந்த அந்தச் சாவிக் கம்பியின் உறை ஒட்டிய இடத்தில் பழுப்பேறியிருந்தது. கோடைக்குள் அது எரிந்திருந்தாலும் வியக்கமாட்டேன்.

சரிசெய்ததும் அளந்ததும்

கண்டன்சரையும் ரேடியேட்டரையும் பிரித்து, அழுத்தம் குறைந்த நீரால் பின்னாலிருந்து முன்னால் கழுவினோம். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். உள்ளே தெளிந்த நீர் வரும்வரை அலசி, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதியாக நிரப்பினோம். புதிய மூடி, புதிய விசிறி மோட்டார், புதிய ரிலே. கம்பி மறுபடியும் ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கே போனது. புதிய மோட்டார் இழுத்தது 9 ஆம்பியர்.

பிறகு என் ஆசைக்காக ஒரு சோதனை. தலைப்பகுதியிலிருந்து நீர் வெளிவரும் உலோகக் கழுத்தில் மீட்டரின் வெப்பமுனையைக் கட்டி, முள்ளோடை வரை இரண்டு நாள் ஒரே நேரத்தில் போய்வந்தோம். முதல் நாள் விசிறியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை அணைத்தேன். அணைத்தபோது 93 டிகிரி. ஐந்து நிமிடத்தில் 101, பத்து நிமிடத்தில் 102, அதன் பிறகே இறங்கியது. மறுநாள் விசிறியை அதன் போக்கில் விட்டேன். 93-இல் தொடங்கி 97 வரை ஏறி, பத்தாவது நிமிடத்தில் 92-க்கு வந்துவிட்டது. ஐந்து டிகிரி வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. நல்ல கூலண்டும் நல்ல மூடியும் இருந்தால் 102-ல் எதுவும் நடக்காது என்பதும் உண்மை. குழாய்த் தண்ணீரும் உப்பிய மூடியும் இருந்தால், அந்த ஐந்து டிகிரிதான் கோலத்தின் மேல் ஓடிய செம்பழுப்பு நீர்.

இப்போது புதுச்சேரியிலிருந்து வந்து நிறுத்தினால் விசிறி ஒன்றரை நிமிடம் ஓடுகிறது, சில நாள் ஓடுவதே இல்லை. சித்தி அடுப்படியிலிருந்தே கடிகாரம் பார்க்கிறார். மூன்று நிமிடம் தாண்டினால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பதிவும் புதுப்பித்தாகிவிட்டது.

ஒட்டிய ரிலேயை அந்த எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குத்திக்காட்டுவது நோக்கமில்லை. வேலை தெரிந்தவர்தான், அன்றைக்கு அவருக்குக் கேட்கப்பட்ட கேள்வி 'விசிறியை நிறுத்த முடியுமா' என்பது மட்டுமே, அதை நிறுத்திக்காட்டினார். அவர் ரிலேயின் மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, கறுத்து ஒட்டியிருந்த முனைகளை நகத்தால் தட்டிப் பார்த்தார். முனைகள் பிரியவில்லை. நான் மோட்டாரின் கதையையும் மண் அடையின் கதையையும் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

"சார், இந்தக் கோடையில் இன்னும் இரண்டு வண்டிக்கு இப்படித்தான் சாவிக் கம்பிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்" என்றார். "ஒன்று திருப்பாதிரிப்புலியூர். இன்னொன்று நெல்லிக்குப்பத்துக்காரர், அவர் வண்டியும் வெள்ளத்தில் நின்றதுதான்." ரிலேயை மேசைமேல் வைத்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய பில் புத்தகத்தை எடுத்து எண்ணைத் தேடத் தொடங்கினார்.